அடுத்த வருஷம் பார்க்கலாம்

எங்கள் காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு ரெனே காயே என்ற பெயர் மறந்திருக்காது. ரொட்டி சுடுபவரின் மகன். முஸ்லிம் பயணி போல வேடம் போட்டுக்கொண்டு 1827-ல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து உள்நாட்டுக்கு நடந்தே போனார். அடுத்த ஆண்டு திம்புக்துவைப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பினார். வகுப்பில் வாத்தியார் வரைபடத்தில் நைஜர் ஆறு வளையும் இடத்தைப் பிரம்பால் தொட்டுக் காட்டுவார். காவிரியும் பாலாறும் எங்கே ஓடுகின்றன என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாத வயதில், நைஜர் எங்கே வளைகிறது என்று தெரியும்! அப்படிப்பட்ட படிப்பு எங்களுடையது.

அந்த நைஜர் ஆற்றை நேரில் பார்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தராக முப்பத்தேழு ஆண்டுகள் இருந்துவிட்டு 2007-ல் ஓய்வு பெற்றேன். அக்கா மகன் அப்போது மாலி நாட்டின் தலைநகரான பமாகோவில் வேலையாக இருந்தான். அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், குடும்பமே பிரான்சில்தான். ஒருநாள் போனில் கூப்பிட்டு, "மாமா, சும்மாதானே இருக்கீங்க, ஒரு மாசம் வந்துட்டுப் போங்க. உங்க காயே போன வழியைக் காட்டறேன்" என்றான். 2008 மார்ச்சில் போனேன். காயே ஜென்னே என்ற ஊருக்குள் நுழைந்ததும் 1828 மார்ச்சில்தான். நூற்றெண்பது ஆண்டு கழித்து அதே மாதத்தில் நான்.

திம்புக்து தொலைவு அதிகம், பாதையும் சரியில்லை என்று மருமகன் சொல்லிவிட்டான். "அதுக்குப் பதிலா ஜென்னே போவோம் மாமா. பழைய வியாபார ஊர். மொத்த ஊரும் மண்ணாலேயே கட்டினது" என்றான். மண் வீட்டைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பமாகோவிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். செகு என்ற ஊரில் நைஜர் ஆற்றைப் பார்த்தேன். கரையில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டேன். வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். பிறகு நாள் முழுக்கச் செம்மண் காடு, முள் மரம், ஆட்டு மந்தை. கடைசியில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, பானி என்ற ஆற்றின் கரையில் போய் நின்றோம். பாலம் இல்லை. கார், மாட்டு வண்டி, ஆடு, கூடை சுமந்த பெண்கள் எல்லாரும் ஒரே தட்டைப் படகில் அக்கரைக்குப் போகவேண்டும். வெள்ளம் வரும் மாதங்களில் ஊரைச் சுற்றித் தண்ணீர் நின்று தீவாகிவிடும் என்றார்கள். அதனால்தான் வீடுகளை மேடுகளின்மேல் கட்டியிருக்கிறார்கள்.

ஊருக்குள் எங்களுக்கு வழிகாட்ட ஓர் இளைஞர் வந்தார். நான் பிரெஞ்சில் பேசத் தொடங்கியதும் சிரித்துவிட்டார். "ஐயா, நீங்கள் பேசுவது எங்கள் தாத்தாவின் பிரெஞ்சு" என்றார். அவருடைய தாத்தாவும் வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளியில் படித்தவராம். நம் முன்னோர்கள் கோல் நாட்டினர், நீலக் கண்ணும் பொன்னிற முடியும் உடையவர்கள் என்று நாங்கள் புதுச்சேரியில் படித்த அதே பாடத்தை அவரும் ஜென்னேயில் படித்திருக்கிறார். கறுத்த தோலோடு நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டு அந்தப் பாடத்தை நினைத்துச் சிரித்தோம். அதன்பின் அவர் என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்.

ஜென்னேயின் பெரிய மசூதியை நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். படம் ஒன்றுமே இல்லை. சந்தைத் திடலிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு மேடை. அதன்மேல் மண்ணாலேயே எழுந்த சுவர், முகப்பில் மூன்று கோபுரங்கள். கோபுர உச்சியில் நெருப்புக்கோழி முட்டையை வைத்திருக்கிறார்கள். ஒரு கருங்கல் இல்லை, சிமென்ட் இல்லை. மண்ணைப் பிசைந்து வெயிலில் காயவைத்த கட்டிகளை அடுக்கி, அதே மண்ணால் பூசியிருக்கிறார்கள். சுவரிலிருந்து வரிசை வரிசையாகக் கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தூரத்தில் பார்த்தால் சுவருக்கு முள் முளைத்தது போல இருக்கும்.

அந்தக் கட்டையைக் கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த நார், எங்கேயோ பார்த்த கறுப்பு வரி. "இது என்ன மரம்?" என்று கேட்டேன். "ரோனியே" என்றார் வழிகாட்டி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பள்ளியில் பனைமரத்துக்குச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுப் பெயர் அது! நம் பனைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை, ஆப்பிரிக்கப் பனை. நம் ஊரில் பனங்கை போட்டு ஓடு மேய்ந்தோம். அவர்கள் சுவருக்குள் செருகியிருக்கிறார்கள். அந்தக் கட்டைகள் அழகுக்கு மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

உள்ளே போக முடியவில்லை. முஸ்லிம் அல்லாதவர்க்கு அனுமதி இல்லை என்று பலகை. 1996-ல் ஒரு பிரெஞ்சு ஃபேஷன் பத்திரிகைக்காக உள்ளே வைத்துப் படம் எடுத்தார்களாம். ஊராருக்கு மனம் புண்பட்டு, அதிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. நியாயம்தான். வெளியிலிருந்தே கும்பிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை, சந்தை நாள். மசூதியின் காலடியில் ஒரு நகரமே முளைத்தது. காய்ந்த மீன், சிறுதானியம், வெங்காயம், மண்பானை, சுமைதாங்கிக் கல் மாதிரி உப்புப் பலகைகள். அந்த உப்பு சகாராவுக்குள்ளிருந்து ஒட்டகத்தின் முதுகில் திம்புக்துவுக்கு வந்து, அங்கிருந்து ஆற்றில் இறங்குகிறது. முன்காலத்தில் வடக்கே இருந்து உப்பு, தெற்கே இருந்து தங்கம், இரண்டும் கை மாறிய இடங்களில் ஒன்று ஜென்னே. அந்த வியாபாரத்தில்தான் இந்த ஊர் தழைத்தது.

துணிக்கடை வரிசையில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. நம்மூர் நீலத்துணியைப் பற்றி உங்களில் சிலருக்காவது வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பிரெஞ்சில் அதற்குக் 'கினே' என்று பெயர். அவுரிச் சாயத்தில் முக்கி எடுத்த பருத்தித் துணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து அது கப்பலேறி, பிரான்சின் போர்தோ துறைமுகம் வழியாக செனகலுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணிதான் காசு. வேலம்பிசினை அங்கே பணத்துக்கு விற்கமாட்டார்கள். இத்தனை கினேவுக்கு இவ்வளவு பிசின் என்றுதான் பேரம். அந்தப் பிசின் ஐரோப்பிய ஆலைகளில் துணி அச்சடிக்கப் பயன்பட்டது. பாலைவனத்து மக்கள் நம் நீலத்தின் வாசனையை முகர்ந்து பார்த்து வாங்குவார்களாம். தோலில் சாயம் ஒட்டினால்தான் நல்ல துணி என்று நம்புவார்களாம்.

என் தாத்தாவின் தகப்பனார் முத்தியால்பேட்டையில் சாயப் பட்டறையில் வேலை செய்தவர். முழங்கை வரை நீலம் ஏறிய கையோடுதான் அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் எங்கள் வீட்டைக் கட்டினார். திண்ணை, தாழ்வாரம், முற்றம், நாட்டு ஓடு, பனங்கை. ஆக, எங்கள் வீட்டுச் சுவருக்குக் காசு கொடுத்தவர்கள் இந்தக் கண்டத்துக்காரர்கள்.

கடைக்காரப் பெரியவரிடம் புதுச்சேரி என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்குத் தெரியவில்லை. கினே என்றேன். பக்கத்து நாட்டின் பெயரைச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். அவர் விரித்துக் காட்டிய பளபள துணி ஐரோப்பாவில் நெய்து பமாகோவில் சாயமேற்றியது. நான் என்ன எதிர்பார்த்தேன்? எங்கள் வீட்டிலேயே அந்த நீலத்துணியில் ஒரு கிழிசல் கூட மிச்சமில்லை. அவர் ஏன் ஞாபகம் வைத்திருக்கவேண்டும்?

மாலையில் வழிகாட்டி எங்களை ஆற்றங்கரைப் பக்கம் அழைத்துப்போனார். அங்கே பெரிய பெரிய குழிகள். குழி நிறையச் சேறு. கிட்டே போகமுடியாத புளித்த நாற்றம். மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். "இதுதான் மசூதி" என்றார் வழிகாட்டி.

ஆற்று மண்ணைக் கொண்டுவந்து, உமியும் தவிடும் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பல நாள் ஊறவைக்கிறார்கள். சிறுவர்கள் அதற்குள் இறங்கி மிதிக்கிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. மாவு புளிப்பது போல மண் புளித்து, இழுத்தால் வரும் பசை போல ஆனதும், மழைக்காலத்துக்கு முன் ஒரு நாளைப் பெரியவர்கள் குறிக்கிறார்கள். அன்று விடிவதற்கு முன்பே ஊர் கூடிவிடும். பெண்களும் சிறுமிகளும் குடம் குடமாய்த் தண்ணீர் கொண்டுவர, இளைஞர்கள் கூடையில் சேற்றைச் சுமந்து ஓடுகிறார்கள். எந்தத் தெருக்காரர்கள் முந்துவது என்று போட்டி. அந்தப் பனங்கட்டைகள் இருக்கின்றனவே, அவற்றில் காலை வைத்துத்தான் கோபுரத்தில் ஏறி, வெறும் கையால் பூசுகிறார்கள். சாரம் கட்டவேண்டிய வேலையே இல்லை. கட்டும்போதே, இதை வருஷா வருஷம் பூசவேண்டிவரும் என்று தெரிந்து படியும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அங்கே ஒரு வயதான கொத்தனார் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். இந்த ஊர்க் கொத்தனார்களுக்கென்று பழைய சங்கம் ஒன்று உண்டு. இன்றிருக்கும் மசூதி 1907-ல் முடிந்தது. அதைக் கட்டியவர் அன்றைய சங்கத் தலைவர் இஸ்மாயிலா திராவோரே. பெரியவர் சின்னக் கண்ணாடிக் குவளையில் டீ கொடுத்தார். அங்கே மூன்று முறை கொடுப்பார்கள். ஒன்றோடு எழுந்துவிட்டால் மரியாதை இல்லை.

நான் என் உத்தியோகப் புத்தியை விடாமல் கேட்டேன். "இதற்கு எஸ்டிமேட் யார் போடுவது? பணம் யார் ஒதுக்குவது?" வழிகாட்டி அதை அவர்கள் மொழியில் கேட்டார். கிழவருக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டபின் சொன்னார். "ஒரு வருஷம் விட்டால் விரிசல். இரண்டு வருஷம் விட்டால் ஓட்டை. மூன்றாவது வருஷம் என்னைக் கூப்பிடாதே, மண்வெட்டிக்காரனைக் கூப்பிடு." பிறகு, தன் தகப்பன் பார்த்த வீடுகளைத் தான் பார்ப்பதாகவும், தனக்குப் பின் தன் மகன் பார்ப்பான் என்றும் சொன்னார். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொத்தனார் குடும்பம். உறவு மாதிரி தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

வழிகாட்டி இன்னொரு கதையும் சொன்னார். இப்போதுள்ள மசூதிக்கு முன் அதே இடத்தில் மிகப் பழைய மசூதி ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செகு அமாது என்ற ஆட்சியாளர் ஊரைப் பிடித்தார். அந்த மசூதி ஆடம்பரம் என்று அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தொழுகை இடத்தை இடிப்பது பாவம். அதனால் என்ன செய்தார் தெரியுமா? மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்களை அடைக்கச் சொன்னார். அவ்வளவுதான். ஒரு கடப்பாரை கூட எடுக்கவில்லை. மழை பார்த்துக்கொண்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது வெறும் மண்மேடு.

நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். மருமகன் ஏதோ பேச்சுக்குச் சொல்வது போலச் சொன்னான். "நம்ம முத்தியால்பேட்டை வீடும் மழையிலதானே மாமா விழுந்துது? அம்மா சொன்னாங்க."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மூன்று ஆண்டுகளாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா இருந்தவரை ஆடி மாதம் பிறந்தால் கொத்தனார் வந்துவிடுவார். கூப்பிடவேண்டியதில்லை. அவருடைய அப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான். உடைந்த ஓட்டை மாற்றி, பனங்கையைத் தட்டிப் பார்த்து, முற்றத்துத் தூம்பைக் குத்திவிட்டு, மழைக்கு முன் முடித்துவிடுவார். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கத் திரும்ப வருவார். 1989-ல் அப்பா காலமானார். அக்கா பிரான்சில், தம்பி சென்னையில், நான் வீட்டு வசதி வாரிய ஃபிளாட்டில். பழைய வீட்டில் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை மட்டும். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். எங்கள் மூவரையும் தூக்கி வளர்த்தவர்.

முதல் வருஷம் கொத்தனார் வந்தபோது, "மூன்று பேரும் கலந்து பேசவேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். செலவு யார் பங்கு என்று கடிதம் எழுதினோம். அக்கா என்னைக் கேள் என்றாள்; தம்பி அக்காவைக் கேள் என்றான். மூன்றாம் வருஷத்துக்குப் பின் கொத்தனார் வரவில்லை. அத்தை மட்டும் ஐப்பசி வந்தால் சொல்வார்கள், "தம்பி, தாழ்வாரத்துல ஒழுகுது, ரெண்டு ஓடு மாத்தினா போதும்" என்று. அலுவலகத்தில் என்னிடம் வராத கோப்பு இல்லை. 'வருடாந்திரப் பராமரிப்பு: நிதி இல்லை, அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்.' இந்த வாசகத்தை என் கையாலேயே நூறு முறை எழுதியிருப்பேன். எழுதி எழுதி அது என் நாக்கிலும் உட்கார்ந்துவிட்டது. பதினாறு ஐப்பசி போயிற்று.

2005 மழையில் ஒரு ராத்திரி தாழ்வாரத்துச் சுவர் உட்கார்ந்தது. அத்தை கூடத்தில் படுத்திருந்ததால் பிழைத்தார்கள். என் ஃபிளாட்டுக்கு அழைத்துவந்தேன். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் பால்கனியில் நின்றுகொண்டு, "திண்ணை இல்லாத வூட்டுல எங்கப்பா உக்கார்றது?" என்று மட்டும் கேட்பார்கள். அடுத்த ஆண்டு மனையை விற்றோம். அந்த ஆண்டே அத்தையும் போய்விட்டார்கள்.

"மழையில விழலடா. நான்தான் விட்டேன்" என்றேன் மருமகனிடம். அவன் தலைகுனிந்துகொண்டான். சற்று நேரம் கழித்து, "அம்மாவுந்தான் மாமா" என்றான். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ புரிந்திருக்கவேண்டும். கிழவரிடம் சொல்லி மூன்றாவது குவளை டீயை என் கையில் கொடுத்தார்.

நான் திரும்பிவந்த ஒன்றரை ஆண்டில், 2009 நவம்பரில், ஒரே நாள் பெருமழையில் அந்த மசூதியின் ஒரு கோபுரத்தின் மேல்பகுதி சரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மனது பதறியது. ஆனால் மறுபடி கட்டிவிட்டார்கள். 2012-லிருந்து மாலியில் சண்டை. 2016-ல் யுனெஸ்கோ அந்த ஊரை ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. பயணிகள் இல்லை, வருமானம் இல்லை. அப்படியும் பூச்சுத் திருநாள் நடக்கும் படங்களை மருமகன் அவ்வப்போது அனுப்புகிறான். சேறு பூசிய முகத்தோடு பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நான் போனபோது பிறந்தே இருக்கமாட்டார்கள். அந்தக் கொத்தனார் கிழவர் இப்போது இருக்க வாய்ப்பில்லை. அவர் சொன்னபடி மகன் பார்த்துக்கொள்வான் என்று நம்புகிறேன்.

நூறு வருஷத்துக்கும் மேலாக மண் கட்டடம் எப்படி நிற்கிறது என்று இங்கே நண்பர்கள் கேட்பார்கள். அது நூறு வருஷக் கட்டடம் இல்லை என்பேன். அதன் மேல்பூச்சுக்கு எப்போதும் வயது ஒன்றுதான். நம் நீலத்துணியை அங்கே யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்று அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை. நினைவு வைத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு ஓடு கூட மாற்றாதவன் நான். அவர்கள் நினைவைப் பற்றிப் பேசுவதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை சேற்றில் கை வைக்கிறார்கள்.

இப்போது எனக்கென்று இருப்பது இந்த ஃபிளாட் ஒன்றுதான். ஆடி பிறந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர் இறங்கும் குழாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிட்டு வருவேன். 'இந்த வயதில் எதற்கு, அசோசியேஷனில் சொன்னால் ஆள் வருவான்' என்கிறார்கள். வருவான்தான், அடுத்த வருஷம்.

நண்பர்களே, ஐப்பசி தொலைவில் இல்லை. உங்கள் வீட்டு மாடியிலும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.